சிவபோகத்தின் கையெழுத்து

எடப்பாடிப் பக்கம் விசைத்தறி ஓடுகிற ஏதாவது ஒரு வீட்டை மனசில் நினைத்துக்கொள்ளுங்கள். தறி ஓட்டுகிறவர் வீட்டுக்காரர். தார் சுற்றிக் கொடுப்பது வீட்டுக்காரம்மா. வாரக் கூலி கைக்கு வந்ததும் அதை வாங்கி, மளிகைக் கடை பாக்கிக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கு இவ்வளவு, பழைய கடன் வட்டிக்கு இவ்வளவு என்று பிரித்துப் போடுகிறவரும் அந்தம்மாதான். நோட்டு கிடையாது, பேனா கிடையாது. எல்லாம் மனக்கணக்கு. பத்து பைசா பிசகாது.

இதே அம்மா 1980-களில் ஒரு வங்கிக்குள் நுழைந்து, 'ரெண்டாயிரம் ரூவா கடன் வேணுங்க சார்' என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்?

'ஏம்மா, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரலையா?'

பணத்தைக் கட்டிக் காப்பது பெண், அதற்குக் கையெழுத்துப் போடுவது ஆண். இந்த ஏற்பாடு ஏதோ தறிக்காரர் வீட்டோடு நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். உச்சாணிக் கொம்பு வரைக்கும் இதே கதைதான். ரிசர்வ் வங்கி 1935-ல் ஆரம்பித்தது. ரூபாய் நோட்டில் கையெழுத்துப் போடுகிற கவர்னர்கள் இதுவரை 26 பேர் வந்துவிட்டார்கள். அதில் ஒருவர்கூடப் பெண் இல்லை.

இந்தக் கையெழுத்து விவகாரத்தில் முதல் கோட்டையை உடைத்தவர் ஒரு மெட்ராஸ்காரர். பெயர் ஆர்.சிவபோகம். நான் பி.காம். படித்தபோது ஆடிட்டிங் பேப்பருக்காக 1896-ல் இங்கிலாந்தில் நடந்த கிங்ஸ்டன் காட்டன் மில்ஸ் வழக்கை விழுந்து விழுந்து மனப்பாடம் செய்தோம். ஆடிட்டர் என்பவர் காவல் நாயா, மோப்ப நாயா என்று பத்து மார்க் கேள்வி. ஆனால், அந்தப் புத்தகத்தில் சிவபோகத்தின் பெயர் ஒரே ஒரு வரியில்கூட இல்லை. கல்லூரியில் யாரும் சொல்லவும் இல்லை.

அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். அதற்கு முன்னால் ஒரு திவாலைச் சொல்லியாக வேண்டும்.

* * *

1906 அக்டோபர். மெட்ராஸில் அர்பத்நாட் அண்ட் கோ என்று ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. வியாபாரமும் செய்வார்கள், ஊர்ப் பணத்தை டெபாசிட்டாகவும் வாங்குவார்கள். கவர்னர் மாளிகையைத் தூக்கிச் சாப்பிடுகிற கௌரவம். 'அர்பத்நாட்டில் போட்டிருக்கிறேன்' என்றால் இரும்புப் பெட்டியில் போட்டதற்குச் சமம். திடீரென்று ஒருநாள் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆயிரக்கணக்கான டெபாசிட்தாரர்கள் நடுத்தெருவில். கம்பெனியின் லண்டன் பார்ட்னர் தற்கொலை செய்துகொண்டார். மெட்ராஸில் இருந்த சர் ஜார்ஜ் அர்பத்நாட் கம்பி எண்ணப் போனார். 'சர்' பட்டம் வாங்கியவர் ஜெயிலுக்குப் போனது அன்றைக்குப் பெரிய அதிசயம்!

'வெள்ளைக்காரனை நம்பியது போதும், நமக்கென்று ஒரு வங்கி வேண்டும்' என்று மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர் கிளம்பினார். செட்டிநாட்டுப் பணமும் சேர்ந்தது. 1907 ஆகஸ்ட் 15-ம் தேதி இந்தியன் வங்கி பிறந்தது. நாற்பது வருடம் கழித்து அந்தத் தேதிக்கு வேறு மகிமை வரப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

அதற்குச் சுமார் மூன்று வாரம் முன்னால், 1907 ஜூலை 23-ல் பிறந்தவர் சிவபோகம். ஆக, இந்தியன் வங்கியைவிட மூன்று வாரம் மூத்தவர். இந்த இரண்டு பேருடைய ஜாதகத்தையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

சிவபோகம் படித்தது லேடி வெலிங்டன் பள்ளியில். பிறகு ராணி மேரி கல்லூரி. அந்தப் பள்ளியை நடத்தியவர் சிஸ்டர் சுப்பலட்சுமி. பால்ய விதவை. 'மூலையில் உட்கார்' என்று ஊர் சொன்னபோது, காலேஜுக்குப் போய் பி.ஏ. பாஸ் செய்து, தன்னைப்போல மூலையில் உட்கார வைக்கப்பட்ட சிறுமிகளையெல்லாம் கடற்கரை ஐஸ் ஹவுஸில் தங்கவைத்துப் படிக்கவைத்த மனுஷி. அவருடைய நிழலில் வளர்ந்த பெண் சும்மா இருப்பாரா? கதர் கட்டினார். அன்னியத் துணிக் கடை மறியலுக்குப் போனார். ஓராண்டு ஜெயில்.

ஜெயிலுக்குப் போனவர்கள் வெளியே வந்து வக்கீல் ஆகியிருக்கிறார்கள், டீச்சர் ஆகியிருக்கிறார்கள், மந்திரிகூட ஆகியிருக்கிறார்கள். சிவபோகம் எடுத்த முடிவு வேறு. கணக்குத் தணிக்கை படிப்பது என்று தீர்மானித்தார். அன்றைக்கு அந்தப் படிப்புக்கு ஜி.டி.ஏ. என்று பெயர். கவர்ன்மென்ட் டிப்ளமோ இன் அக்கவுன்டன்சி. பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. ஏற்கெனவே தொழிலில் இருக்கும் ஓர் ஆடிட்டரிடம் சேர்ந்து வருடக்கணக்கில் பயிற்சி எடுக்க வேண்டும். அதற்கு முதலில், ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள ஓர் ஆடிட்டர் சம்மதிக்க வேண்டுமே!

இந்தப் பயிற்சியில் என்ன வேலை என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனி கம்பெனியாகப் போக வேண்டும். குடோனில் சரக்கை எண்ண வேண்டும். வவுச்சர் கட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக டிக் போட வேண்டும். நாற்பது வயசு ஹெட் கிளார்க்கைப் பார்த்து, 'இந்த இருநூறு ரூபாய்க்கு ரசீது எங்கே?' என்று கேட்க வேண்டும். கேட்பது இருபத்துச் சொச்சம் வயசுப் பெண் என்றால், 1930-களின் தம்புச்செட்டித் தெருவில் அந்த ஹெட் கிளார்க்கின் முகம் எப்படிப் போயிருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

சி.எஸ்.சாஸ்திரி என்கிற ஆடிட்டர் சிவபோகத்தைச் சேர்த்துக்கொண்டார். 1933-ல் சிவபோகம் பாஸ்! இந்தியாவின் முதல் பெண் கணக்காய்வாளர்.

சரி, போர்டு மாட்டித் தொழிலை ஆரம்பிக்க வேண்டியதுதானே? அங்கேதான் முட்டுக்கட்டை. 1932-ல் வெள்ளைக்கார அரசு ஆடிட்டர்களுக்கெல்லாம் ஒரு பதிவேடு ஆரம்பித்திருந்தது. அதில் பெயர் இருந்தால்தான் கையெழுத்துப் போடலாம். ஆனால், ஜெயிலுக்குப் போய் வந்தவர்களைப் பதிவேட்டில் சேர்க்க முடியாது என்று விதி. திருட்டு வழக்குக்கும் தேச வழக்குக்கும் அந்த விதியில் வித்தியாசம் இல்லை.

சிவபோகம் வழக்குப் போட்டார். இழுத்தடித்துத்தான் தீர்ப்பு வந்தது. ஆனால், அவர் பக்கம் வந்தது. 1937-ல் சொந்தமாக அலுவலகம் திறந்தார். பரீட்சை பாஸ் செய்ததற்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் நான்கு வருடம்.

நாம் மட்டும்தான் இப்படி என்று வெட்கப்பட வேண்டாம். லண்டன் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். மேரி ஹாரிஸ் ஸ்மித் என்று ஒரு பெண்மணி. 1844-ல் பிறந்தவர். 1880-களிலேயே லண்டனில் சொந்தமாகக் கணக்கு அலுவலகம் நடத்தியவர். 'என்னை இன்ஸ்டிட்யூட்டில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று 1890-களில் விண்ணப்பித்தார். பெண் என்பதால் மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பெண் என்பதைக் காரணம் காட்டித் தொழிலில் ஒதுக்கக்கூடாது என்று 1919-ல் சட்டம் வந்த பிறகுதான் வழி பிறந்தது. 1920-ல் அவர் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் ஆனார். உலகத்திலேயே முதல் பெண். அப்போது அவருக்கு வயசு 75! மற்றவர்கள் ரிட்டயராகிப் பேரனைக் கொஞ்சும் வயசில் அவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

நம்ம சிவபோகத்துக்கு 1937-ல் வயசு முப்பது. அந்த வகையில் மெட்ராஸ் தேவலை.

சுதந்திரம் வந்தது. 1949-ல் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்ஸ் சட்டம் வந்தது. அதன்படி ஐ.சி.ஏ.ஐ. என்கிற இன்ஸ்டிட்யூட் பிறந்தது. அதற்கு மண்டல வாரியாகக் கவுன்சில்கள். தென்னிந்தியக் கவுன்சிலுக்கு 1955 முதல் 1958 வரை தொடர்ந்து மூன்று வருடம் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? சிவபோகம்தான். எண்ணிக்கையைப் பாருங்கள். அறை முழுக்க கோட்டும் பஞ்சகச்சமுமாக ஆடிட்டர்கள். தலைவர் நாற்காலியில் கதர்ப் புடவை. இட ஒதுக்கீடு கிடையாது, 'ஒரு பெண் கட்டாயம்' என்று விதி கிடையாது. ஆணாகப் பிறந்த ஆடிட்டர்கள் கூடி ஒரு பெண்ணைத் தலைவராக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், 1955-ல்!

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எளிமையான வாழ்க்கை. பெரிய கம்பெனிகளின் கணக்கோடு, சமூக சேவை அமைப்புகளின் கணக்குகளையும் காசு வாங்காமல் பார்த்துக் கொடுத்தார். 1966 ஜூன் 14-ல் காலமாகும் வரை தொழிலை விடவில்லை.

* * *

சிவபோகம் ஒருத்தர். ஒருத்தர் ஜெயித்தால் சரித்திரம், பத்தாயிரம் பேர் ஜெயித்தால்தான் அது நடைமுறை. அந்தப் பத்தாயிரம் பேருக்குக் கதவு திறந்தது 1969-ல்.

அந்த வருடம் ஜூலையில் மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதி இலாகாவைப் பிடுங்கித் தானே வைத்துக்கொண்டார் இந்திரா காந்தி. அடுத்த சில நாட்களில், ஜூலை 19-ல், 14 வங்கிகள் தேசியமயம். இந்தியன் வங்கியும் அதில் ஒன்று. (1970 பிப்ரவரியில் பட்ஜெட்டையும் இந்திராவே வாசித்தார். அடுத்து ஒரு பெண் பட்ஜெட் வாசிக்க நாடு 49 வருடம் காத்திருந்தது. 2019 ஜூலையில் வாசித்தவர் மதுரையில் பிறந்து திருச்சியில் கல்லூரி படித்த நிர்மலா சீதாராமன்.)

தேசியமயத்துக்கு முன்னால் வங்கி வேலை என்பது பெரும்பாலும் தெரிந்தவர், உறவுக்காரர், சிபாரிசு. அந்தப் பட்டியலில் பெண்கள் எங்கே வருவார்கள்? பொதுத் தேர்வு என்று வந்த பிறகுதான் நிலைமை மாறியது. விடைத்தாளுக்கு ஆண் பெண் தெரியாதல்லவா? 1970-களின் கடைசியிலிருந்து டைப்ரைட்டிங் ஹையர் முடித்த பெண்கள், பி.காம். முடித்த பெண்கள் எல்லாம் கவுன்டருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். 'பேங்க்ல வேலை பார்க்குற பொண்ணு' என்றால் கல்யாண மார்க்கெட்டிலேயே தனி மவுசு!

ஆனால், கவுன்டரில் உட்கார்ந்தவர்கள் கேபினுக்குள் போனார்களா?

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வங்கியில் பதவி உயர்வுக்கு இன்னொரு பெயர் டிரான்ஸ்ஃபர். கிளார்க்காக இருக்கும்வரை சொந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ காலம் தள்ளலாம். ஆபீஸர் பரீட்சை எழுதிப் பாஸ் செய்துவிட்டால், பெட்டியைக் கட்ட வேண்டும். கிராமக் கிளையில் வேலை பார்த்தாக வேண்டும், வெளி மாநிலமும் வரலாம். எடப்பாடியில் கிளார்க்காக இருக்கும் ஓர் ஆணுக்கு ஒடிசாவில் போஸ்டிங் வந்தால் மனைவி இட்லி கட்டிக் கொடுத்து ரயில் ஏற்றிவிடுவார். அதே போஸ்டிங் ஒரு பெண்ணுக்கு வந்தால்? பத்தாவது படிக்கும் பையன், படுத்திருக்கும் மாமியார், 'உன் சம்பளத்துல ரெண்டாயிரம் ஏறுறதுக்காக வீட்டைக் குட்டிச்சுவராக்கணுமா?' என்று கேட்கும் கணவர். ஆகவே, பரீட்சையே எழுத மாட்டார். எழுதாதவருக்குப் பதவி உயர்வு எப்படி வரும்? இருபத்தைந்து வருடம் கழித்து யாராவது கேட்டால், 'பெண்கள் தாங்களாகவேதான் ப்ரமோஷன் வேண்டாம் என்று சொல்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய?' என்று நிர்வாகம் கையை விரிக்கும். ஃபைலில் பார்த்தால் யார் மீதும் தப்பு இருக்காது.

கணவர் வேலை பார்க்கும் ஊரிலோ அதற்கு அருகிலோ பெண் ஊழியர்களுக்கு இடம் கொடுக்கப் பாருங்கள் என்று அரசு வங்கிகளுக்கு மத்திய நிதி அமைச்சகம் 2014-ல்தான் எழுதியது. ஸ்டேட் பேங்க்கில் அருந்ததி பட்டாச்சார்யா தலைவராக வந்த பிறகுதான், குழந்தையையோ பெரியவர்களையோ பார்த்துக்கொள்ள பெண் ஊழியர்கள் இரண்டு வருடம் வரை விடுப்பு எடுக்கலாம் என்ற திட்டம் வந்தது. தலைமை நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இது ஓர் உதாரணம். அந்த விடுப்பின் தேவை அதற்கு முன்னால் இருந்த தலைவர்களின் கண்ணில் படவே இல்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. அவர்கள் வீட்டில் அதை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள்.

கர்ப்பம் இன்னொரு கதை. எல்.ஐ.சி.யில் வேலைக்குச் சேரும் பெண்களுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். மாதவிலக்கு கடைசியாக எப்போது, எத்தனை முறை கருவுற்றீர்கள் என்றெல்லாம் அதில் கேள்விகள். அதற்குத் தவறான பதில் சொன்னார் என்று சொல்லி ஒரு பெண்ணை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். இந்தக் கேள்விகள் அவமானப்படுத்துபவை, படிவத்திலிருந்து நீக்குங்கள், அவரை மறுபடி வேலையில் சேருங்கள் என்று 1991-ல் நீதிமன்றம் உத்தரவு போட்டது.

பழைய கதை என்கிறீர்களா? 2022 ஜனவரியில் ஸ்டேட் பேங்க்கின் ஒரு சுற்றறிக்கை வெளியே வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருக்கும் பெண்கள் 'தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள்', பிரசவத்துக்குப் பிறகு வந்து சேரலாம் என்று. நாடு முழுக்க எதிர்ப்பு. அதே மாதம் வாபஸ். அந்த வருடம் ஜூனில் இதே மாதிரி விதிக்காக டெல்லி மகளிர் ஆணையம் இன்னொரு வங்கிக்கு நோட்டீஸ் அனுப்பியது. நாங்கள் யாருக்கும் வேலையை மறுக்கவில்லை என்று வங்கி விளக்கம் கொடுத்தது. எந்த வங்கி? நம்ம இந்தியன் வங்கிதான்!

* * *

இந்தியன் வங்கி என்றால் எனக்கு ஆச்சரியம்தான். ஏனென்றால், பெண்கள் விஷயத்தில் அந்த வங்கிக்கு இருக்கும் சரித்திரம் வேறு எந்த வங்கிக்கும் இல்லை. இப்போது எடப்பாடிப் பக்கம் திரும்புவோம்.

1989. தர்மபுரி மாவட்டம். ரோம் நகரில் இருக்கும் ஐ.நா. சபையின் வேளாண் வளர்ச்சி நிதியம் பணம் கொடுக்க, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் ஒரு திட்டம் ஆரம்பித்தது. ஏழைப் பெண்கள் இருபது பேர் வரை ஒரு குழு. ஏன் இருபது? அதற்கு மேல் போனால் பதிவு செய்தாக வேண்டும் என்று அன்றைய கம்பெனிச் சட்டத்தில் விதி! வாரம் ஐந்தோ பத்தோ சேமிக்க வேண்டும். அதிலேயே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்ள வேண்டும். ஒழுங்காக நடந்தால் வங்கி கடன் தரும். அடமானம் இல்லை. முக்கியமாக, வீட்டுக்காரர் கையெழுத்து இல்லை. குழுவின் ஊக்குநரும் பிரதிநிதியும் போடுகிற கையெழுத்துதான் செல்லும். இதற்குக் கடன் கொடுக்க முன்வந்தது இந்தியன் வங்கி.

1991-92-ல் திட்டம் சேலம் மாவட்டத்துக்கு வந்தது. நாமக்கல் அப்போது தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. 1992-ல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியது. 1993-ல், பதிவு செய்யாத குழுக்களுக்கும் சேமிப்புக் கணக்கு திறக்கலாம் என்று ரிசர்வ் வங்கி பச்சைக்கொடி காட்டியது. 1997-ல் மகளிர் திட்டம் என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். உங்கள் தெருவிலேயே ஒரு குழு இருக்கும்.

இந்தக் குழுக்களில் நடப்பது என்ன? யாருக்குக் கடன் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று முடிவெடுப்பது. 'அந்தக்கா போன தடவையே ரெண்டு வாரம் இழுத்துச்சு, இந்த முறை ஆயிரம் போதும்' என்று தீர்மான நோட்டில் எழுதுவது. தவணை தவறினால் வீட்டுக்குப் போய் உட்காருவது. ஏ.சி. அறையில் டை கட்டியவர்கள் செய்தால் இதற்கு 'கிரெடிட் கமிட்டி' என்று பெயர். வசூல் ஆரம்ப வருடங்களில் 90 சதவிகிதத்தைத் தாண்டியது.

அதே காலத்தில், அதே இந்தியன் வங்கியின் மாடியில் என்ன நடந்தது? பெரிய இடங்களுக்கு அள்ளிக் கொடுத்த கடன்கள் வரிசையாகப் படுத்தன. 1995-96-ல் வங்கியின் நஷ்டம் 1,336 கோடி ரூபாய்! அதுவரை இந்திய வங்கிச் சரித்திரம் பார்க்காத நஷ்டம். தலைவராக இருந்தவர் மீது சி.பி.ஐ. வழக்குகள். பத்து ரூபாய் சேமித்த தர்மபுரி, சேலம் பெண்கள் தவணை தவறாமல் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோடிகளில் வாங்கியவர்கள் கையை விரித்தார்கள். 1999-ல் எம்.எஸ்.வர்மா குழு நாட்டின் பலவீனமான மூன்று வங்கிகள் என்று பட்டியல் போட்டது. யூகோ வங்கி, யுனைடெட் வங்கி, இந்தியன் வங்கி. இழுத்து மூடிவிடலாம் என்றுகூடப் பேச்சு கிளம்பியது.

இந்த நிலையில் 2000 ஜூனில் இந்தியன் வங்கிக்குத் தலைவராக அனுப்பப்பட்டவர் ரஞ்சனா குமார். 1966-ல் பேங்க் ஆஃப் இந்தியாவில் அதிகாரியாகச் சேர்ந்தவர். தேசியமயமான ஒரு வங்கிக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். (அதற்கு முன் 1993-ல் எக்ஸிம் வங்கியின் தலைவரானார் தர்ஜானி வகீல். நாட்டின் நிதி நிறுவனம் ஒன்றுக்கு முதல் பெண் தலைவர் அவர். ஆனால் எக்ஸிம், கிளைகளில் பொதுமக்களை உட்காரவைக்கும் வங்கி அல்ல.)

நஷ்டக் கிளைகளை மூடினார், இணைத்தார். விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து பேசினார். வராக்கடனைத் துரத்தினார். அரசும் மூலதனம் கொடுத்து உதவியது என்பதையும் சொல்ல வேண்டும். 2001-02-ல் 33 கோடி லாபம். அடுத்த வருடம் 188 கோடி. 2003-ல் அவரை நபார்டுக்குத் தலைவராக அனுப்பினார்கள். 2007-ல் இந்தியன் வங்கிப் பங்குகள் மார்க்கெட்டுக்கு வந்தபோது மக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

நல்ல கதைதான். ஆனால், ஒரு விஷயம் உறுத்துகிறதா இல்லையா? நன்றாக ஓடிக்கொண்டிருந்த எந்த அரசு வங்கிக்கும் 2000 வரை ஒரு பெண் தலைவராகக் கிடைக்கவில்லை. மூழ்கும் கப்பலுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தார்?

இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். 2003-ல் லண்டன் பத்திரிகை ஒன்று, பெண்கள் இயக்குநர்களாக இருக்கும் கம்பெனிகளின் பங்கு விலை சரிகிறது, ஆகவே பெண்களால் நஷ்டம் என்கிற தொனியில் எழுதியது. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் மிஷெல் ரயன், அலெக்ஸ் ஹாஸ்லம் என்ற இருவர் அதே கம்பெனிகளின் கணக்கை எடுத்துத் தேதி வாரியாகப் பார்த்தார்கள். உண்மை தலைகீழாக இருந்தது. பெண் வந்ததால் கம்பெனி சரியவில்லை. சரிந்த பிறகுதான் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள்! மேலே ஏறவிடாமல் தடுப்பது கண்ணாடிக் கூரை என்றால், இது கண்ணாடிப் பாறை என்றார்கள். ஏற்றி, விளிம்பில் நிறுத்திவிடுவது. 2008-ல் ஐஸ்லாந்து நாட்டின் வங்கிகள் மொத்தமாகக் கவிழ்ந்தன. கவிழ்த்தவர்கள் ஆண்கள். அக்டோபரில் இரண்டு பெரிய வங்கிகளை அள்ளிக் கட்டும் வேலையைப் பெண்களிடம் ஒப்படைத்தார்கள். லேமன் பிரதர்ஸுக்குப் பதில் லேமன் சிஸ்டர்ஸ் இருந்திருந்தால் என்று உலகம் ஜோக் அடித்ததும் அப்போதுதான்.

பெண் என்றாலே நேர்மை, நிதானம் என்று நான் சொல்ல வரவில்லை. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியை ஒன்பது வருடம் ஆண்ட சந்தா கோச்சர், கடன் விவகாரப் புகார்களுக்கு நடுவே 2018-ல் விலக நேர்ந்தது. ஆனால், அப்போது பேசிய பேச்சைக் கவனித்தீர்களா? 'பொம்பளை கையில் கொடுத்தா இப்படித்தான்' என்று டீக்கடை பெஞ்ச் வரை பேசினார்கள். 1,336 கோடி நஷ்டத்தின்போது 'ஆம்பளை கையில் கொடுத்தா இப்படித்தான்' என்று யாராவது சொன்னார்களா?

* * *

2013-ஐ ஒட்டிய வருடங்கள் பொற்காலம் மாதிரி இருந்தன. ஸ்டேட் பேங்க், ஐ.சி.ஐ.சி.ஐ., ஆக்ஸிஸ் மூன்றுக்கும் பெண் தலைவர்கள். ஹெச்.எஸ்.பி.சி.யின் இந்தியப் பிரிவுக்கும் பெண். பெண்களுக்கென்றே ப.சிதம்பரம் பட்ஜெட்டில் அறிவித்த பாரதிய மகிளா வங்கி 2013 நவம்பரில் திறக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் ஸ்டேட் பேங்க்கில் கரைந்துபோனது. தனிக் கடை போட்டுக் கொடுத்தால் போதும் என்று நினைத்ததன் பலன்.

2013 கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. நம்ம முதலாளிகள் லேசுப்பட்டவர்களா? மனைவி, மகள், மருமகள் என்று வீட்டிலிருந்தே ஆள் பிடித்துப் போட்டார்கள். 'ஒரு கையெழுத்துப் போடும்மா!' எடப்பாடித் தறி வீட்டுக்கு எதிர்ப்பதம் இது. அங்கே கணக்கு தெரிந்தவருக்குக் கையெழுத்து இல்லை. இங்கே கையெழுத்து இருக்கிறது, கணக்கைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். கடைசியில் செபி, பெரிய கம்பெனிகளில் அந்தப் பெண் குடும்பத்தைச் சாராத சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டிவந்தது. முதல் 500 கம்பெனிகளுக்கு 2019-லிருந்து, ஆயிரத்துக்கு 2020-லிருந்து.

மேலே இப்படி. கீழே? குழுக்களுக்குப் பின்னாலேயே மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள் வந்தன. பெண்கள் வாங்குவார்கள், பெண்கள் கட்டுவார்கள் என்று இந்தியன் வங்கியும் நபார்டும் நிரூபித்துக் காட்டிய பாடத்தை அவர்கள்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கடன் கொடுப்பதைப் பற்றிய முடிவு மட்டும் குழுவின் தீர்மான நோட்டைவிட்டு வெளியே போய்விட்டது. வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுத் தவணை கேட்பவரின் கையில் இருக்கும் பட்டியல், ஏதோ ஒரு நகரத்தில் தயாரானது. பக்கத்துப் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற விவகாரம் 2025-ல் வெளியே வந்ததே, படித்திருப்பீர்கள். அதே வருடம்தான், கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது.

முப்பது வருடமாகக் கடன் கொடுத்து, வசூலித்து, கணக்கு எழுதிய ஊக்குநர்கள் சேலம் மாவட்டத்தில் எத்தனை பேர்! அந்த அனுபவத்தோடு ஒரு வங்கியின் கடன் பிரிவில் நுழைய அவர்களுக்கு வழி இருக்கிறதா? கிடையாது. குழுவுக்கு மேலே கூட்டமைப்பு, அத்தோடு ஏணி முடிந்துவிடுகிறது. வங்கியில் ஏற வேண்டுமென்றால் வேறு ஏணி. அது டிகிரியிலிருந்து தொடங்குகிறது. இவருடைய மகள் வேண்டுமானால் ஏறலாம். ஏறி, டிரான்ஸ்ஃபர் படியில் நிற்கலாம்.

சிவபோகம் 1956-ல் ஒரு காரியம் செய்தார். சி.ஏ. இறுதித் தேர்வை முதல் முயற்சியிலேயே எழுதி அதிக மார்க் வாங்கும் பெண்ணுக்கு ஒரு பரிசு என்று இன்ஸ்டிட்யூட்டில் ஏற்படுத்தினார். அப்போது அந்தத் தேர்வை எழுதிய பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்கு ஆடிட்டர்களில் பத்துக்கு மூன்று பேர் பெண்கள். 2021-ல் ஆண், பெண் எல்லோரையும் முந்தி அகில இந்திய முதலிடம் பிடித்தது 19 வயசுப் பெண். சிவபோகம் மண்டலத் தலைவராக உட்கார்ந்து எழுபது வருடம் ஓடிவிட்டது. இன்ஸ்டிட்யூட்டின் அகில இந்தியத் தலைவர் நாற்காலியில் இதுவரை ஒரு பெண்கூட உட்கார்ந்ததில்லை.